ஒரு மிளகுக் குத்தகை

கிளிஃப்டன் மாட்டுச் சந்தையில் அன்றும் மழை.
வளையத்துக்குள் ஒரு கறுப்புக் கிடாரி
ஏலக்காரர் வாயின் வேகத்துக்கு மிரண்டு சுற்றியது.
கம்பியில் சாய்ந்திருந்த கிழவர் ஒருவர்
புருவத்தை ஓர் இழை உயர்த்தினார்.
அது முன்மொழிவு.
சுத்தியல் விழ வேண்டும், அதுதான் ஏற்பு.
இரண்டுக்கும் நடுவே இருக்கும் அரை மூச்சில்
புருவத்தை இறக்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.
இதை நான் கால்வேயில் மூவாயிரம் யூரோ கட்டிப் படித்தேன்.
அவர் ஏழு வயதில் சும்மா படித்தார்.

விற்றவன், பணம் கைக்கு வந்ததும்,
ஒரு நோட்டை மடித்து வாங்கியவன் பையிலேயே செருகினான்.
அதிர்ஷ்டக்காசு.
என் பாடப்புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

பேராசிரியர் ஹானராட்டி சொல்வார்:
வெறும் வாக்கை நீதிமன்றம் தொடாது.
வாக்குக்கு எதிரே ஏதாவது வைக்கப்பட வேண்டும்.
அதற்குப் பெயர் மறுபயன்.
எடை சரியா என்று கேட்கமாட்டார்கள்,
ஒரு மாளிகைக்கு ஒரு மிளகு போதும்.
(எந்த வெயில் கரையிலோ காய்ந்து
கப்பலேறி வந்த மிளகு, பாவம்,
எங்கள் ஈரச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.)
ஆனால் அது வாக்குக்கு முன்பே வந்து முடிந்திருந்தால்
மறுபயன் இல்லை, நன்றி.
நன்றிக்கு வழக்கு நிற்காது.

இந்த வரியை மூன்று முறை அடிக்கோடிட்டேன்.

பக்கத்துப் பண்ணை மாலக்கி எங்களுக்கு உறவில்லை.
வேலி மட்டும் பொது.
பக்கவாதம் வந்தபின் ஒன்பது வருடம்
என் அம்மா ப்ரீஜ் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள்,
அவர் மாடுகளுக்கு வைக்கோல் போட்டாள்,
நகம் வெட்டினாள், கெட்ட வார்த்தைகள் வாங்கினாள்.
கடைசி மார்ச்சில், வாயோரம் வழிந்ததைத் துடைக்கும்போது
"ஏரிக்கரை வயல் உனக்கு, ப்ரீஜ்.
நீ செய்ததற்கெல்லாம்" என்றார்.

செய்ததற்கு.
இறந்தகாலம்.
அந்த இலக்கணத்தில் வயல் மூழ்கிவிட்டது.
எழுத்தும் இல்லை, நிலத்துக்கு எழுத்து வேண்டும்.

மே மாதத் தேர்வில் நான்காம் கேள்வி:
'அ' என்பவர் 'ஆ' என்பவரைப் பல ஆண்டுகள் பராமரித்தார்.
பின்பு 'ஆ' நிலம் தருவதாகச் சொன்னார்.
'அ'வின் உரிமையை ஆராய்க. இருபத்தைந்து மதிப்பெண்.
'அ'வின் கையில் வெந்நீர்க் கொப்புளம் இருந்ததை
எழுத இடமில்லை.
கிடைக்காது என்று எழுதினேன், காரணங்களுடன்.
இருபத்திரண்டு வாங்கினேன்.
வீட்டில் மதிப்பெண்ணை மட்டும் சொன்னேன்.

மகன் ஃபியாக்ரா பாஸ்டனிலிருந்து வந்து இறங்கினான்.
கெட்டவன் இல்லை.
அப்பா பேச்சு அப்பாவோடு என்றான்,
சட்டமும் அவனுக்கு முன்பே அதைத்தான் சொல்லியிருந்தது.
கோரை மண்டிய கீழ்மூலை மட்டும், ஒன்றரை ஏக்கர்,
"சும்மா வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு வேண்டும்?"

"சும்மா வேண்டாம்" என்றேன்.
"சும்மா தந்ததை நீ சும்மா எடுத்துக்கொள்ளலாம்."

சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினேன்,
பக்கத்தில் வெண்ணெய்த் தட்டு:
ஏழு ஆண்டுக் குத்தகை.
எல்லை, வாய்க்கால், வழிப்பாதை.
வாடகை ஆண்டுக்கு ஒரு மிளகு.
அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டான்.
அம்மா சிரிக்கவில்லை.
கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியும் படித்து,
பெயரை முழுதாக எழுதினாள்.
பிறகு அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்து
ஒரே ஒரு மிளகை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைக் கடித்தான்.
கண் கலங்க இருமினான்.
என்ன நினைத்தானோ, பையைத் துழாவி
இரண்டு யூரோ நாணயம் ஒன்றை அம்மாவிடம் நீட்டினான்,
அவன் அப்பா சந்தையில் நீட்டுவதுபோல,
முகத்தைப் பார்க்காமல்.

அவன் போனபின் அம்மா நாணயத்தை ஜாடிக்குள் போட்டாள்.
மூடப் போனவள் நிறுத்தி,
மேசையில் மிளகைக் கொட்டி
ஆறு எண்ணி ஓரமாக வைத்தாள்.